ஹெபடைடிஸ் பி வைரஸுக்குக் கல்லீரல் மட்டும் ஏன்? படியெடுத்தல் காரணிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெபடைடிஸ் பி எப்படிப் பரவும், தடுப்பூசி எப்போது போட வேண்டும் என்பதெல்லாம் தமிழில் தேடினால் தாராளமாகக் கிடைக்கிறது. கல்லீரல் செல்லுக்குள் போன பிறகு அந்த வைரஸ் என்ன செய்கிறது என்பதுதான் கிடைப்பதில்லை. உயிரியல் படிக்கும் மாணவர்களும், வீட்டில் ஒருவருக்குத் தொற்று இருப்பதால் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு விழிப்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிகிச்சை முடிவுகளை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

ரத்தத்தில் உடம்பு முழுக்கச் சுற்றும் வைரஸ், கல்லீரலில் மட்டும் பெருகுவது எப்படி?

இரண்டு காரணங்கள். முதலாவது, நுழையும் இடம். கல்லீரல் செல்லின் மேல் என்டிசிபி என்ற புரதம் இருக்கிறது. ரத்தத்திலிருந்து பித்த அமிலங்களைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்வதுதான் அதன் அன்றாட வேலை. வைரஸின் மேலுறைப் புரதம் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறது. 2012-இல்தான் இது தெரிய வந்தது; கண்டுபிடித்தது பெய்ஜிங்கில் வென்ஹுய் லியின் ஆய்வுக்குழு. வைரஸ் அடையாளம் காணப்பட்டது 1960களில் என்பதை நினைத்தால், இந்த ஏற்பியை (வைரஸ் பிடித்துக்கொள்ளும் புரதத்தை) கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது என்று புரியும்.

இரண்டாவது காரணம்தான் இந்தப் பக்கத்தின் விஷயம். வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் மட்டும் போதுமா, அடுப்பைப் பற்றவைக்க ஆள் வேண்டாமா? வைரஸின் ஜீன்களை இயக்கத் தேவையான புரதங்கள் கல்லீரல் செல்லில்தான் சரியான அளவில், சரியான கூட்டணியில் இருக்கின்றன. ஏற்பியைத் தவிர்த்துவிட்டு, வைரஸ் டிஎன்ஏவை ஆய்வகத்தில் நேரடியாக வேறு வகைச் செல்லுக்குள் போட்டாலும் முழு வைரஸ் உருவாவதில்லை. ஏற்பி கிடைப்பதற்கு வெகு காலம் முன்பே இந்த இரண்டாவது தடையைப் பற்றி ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது இப்படித்தான்.

படியெடுத்தல் காரணி என்பது என்ன?

டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடி ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் உள்ள ஜீனிலிருந்து ஆர்என்ஏ படியெடுப்பதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் புரதம். கண்ணில் உள்ள செல்லிலும் கல்லீரல் செல்லிலும் டிஎன்ஏ ஒன்றுதான். ஆனால் ஆல்புமினைக் கல்லீரல் மட்டும்தான் மூட்டை மூட்டையாகத் தயாரிக்கிறது. அந்த வித்தியாசம் பெரும்பாலும் எந்தக் காரணிகள் எங்கே இருக்கின்றன என்பதால் வருவது.

கல்லீரலில் செறிந்திருக்கும் காரணிகளில் நமக்கு வேண்டியவை: எச்என்எஃப்-1, எச்என்எஃப்-3, எச்என்எஃப்-4 ஆல்ஃபா, சி/இபிபி, அப்புறம் ஆர்எக்ஸ்ஆர், பிபிஏஆர் ஆல்ஃபா, எஃப்எக்ஸ்ஆர் போன்ற உட்கரு ஏற்பிகள் (செல்லுக்குள்ளிருந்து ஜீன்களை இயக்குபவை). எஸ்பி-1, என்எஃப்-ஒய் போன்றவை ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் உண்டு. எச்என்எஃப் என்பதில் எச் கல்லீரலைக் குறித்தாலும் அவை கல்லீரலுக்கே சொந்தமில்லை; சிறுநீரகம், கணையம், குடலிலும் சில இருக்கின்றன. எச்என்எஃப்-4 ஆல்ஃபா ஜீனில் பிழை இருந்தால் மோடி-1, எச்என்எஃப்-1 ஆல்ஃபாவில் இருந்தால் மோடி-3 என்று இளம் வயதிலேயே ஒருவகைப் பரம்பரைச் சர்க்கரை நோய் வருவது இதனால்தான்.

வைரஸின் டிஎன்ஏவில் இவை எங்கே போய் ஒட்டுகின்றன?

இந்த வைரஸின் ஜீனோம், அதாவது மொத்த டிஎன்ஏ, சுமார் 3,200 எழுத்துகள்தான். மனித ஜீனோமின் 300 கோடி எழுத்துகளுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. அதற்குள் நான்கு ஜீன்கள், நான்கு புரொமோட்டர்கள், இரண்டு என்ஹான்சர்கள். புரொமோட்டர் என்பது படியெடுப்பு தொடங்கும் இடம். என்ஹான்சர் அந்தப் படியெடுப்பின் வேகத்தைக் கூட்டும் பகுதி.

வைரஸ் துகளுக்குள் இருக்கும்போது இந்த டிஎன்ஏ முழுமையில்லாத வட்டம். ஒரு இழை முழுசாக, இன்னொன்று அரைகுறையாக இருக்கும். செல்லின் உட்கருவுக்குள் வந்ததும் நம்முடைய பழுதுபார்க்கும் நொதிகளே அதை அடைத்து முழு வட்டமாக்குகின்றன. டிஎன்ஏவைச் சுருட்டி வைக்கும் ஹிஸ்டோன் புரதங்களும் வந்து சேர, அது ஒரு குட்டிக் குரோமோசோமாக மாறிவிடுகிறது. இதற்குத்தான் சிசிசி டிஎன்ஏ என்று பெயர். வைரஸின் எல்லா வகை ஆர்என்ஏக்களும் இதிலிருந்து, நம்முடைய ஆர்என்ஏ பாலிமரேஸ் இரண்டால்தான் படியெடுக்கப்படுகின்றன.

இடமில்லாத நெருக்கடியில் எழுதப்பட்ட ஜீனோம் இது. புரொமோட்டருக்கென்று தனி இடம் கிடையாது. ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பகுதியும் ஏதோவொரு புரதத்துக்கான ஜீனின் மேலேயே படிந்திருக்கிறது. கோர் புரொமோட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது எக்ஸ் புரதத்தின் ஜீனுக்குள் இருக்கிறது. அங்கே எச்என்எஃப்-4 ஆல்ஃபாவும், ஆர்எக்ஸ்ஆர்–பிபிஏஆர் ஜோடியும், படியெடுப்பை அடக்கும் கூப்-டிஎஃப் என்ற புரதமும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. யார் அதிகமாக இருக்கிறாரோ அவர் பக்கம் முடிவு சாய்கிறது. முதல் என்ஹான்சரிலும் இரண்டாம் என்ஹான்சரிலும் இதே கூட்டம்தான்: எச்என்எஃப்-3, எச்என்எஃப்-4, சி/இபிபி, இன்னும் சில.

கோர் புரொமோட்டரிலிருந்து வரும் முன்ஜீனோம் ஆர்என்ஏ சுமார் 3,500 எழுத்து நீளம், அதாவது ஜீனோமைவிட நீளம்! வட்டத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, தொடங்கிய இடத்தையும் தாண்டிப் போய்த்தான் படியெடுப்பு நிற்கிறது. புதிய வைரஸ் துகளுக்குள் அடைக்கப்பட்டு, திரும்பவும் டிஎன்ஏவாக மாற்றப்படுவது இந்த ஆர்என்ஏதான். ஆகவே இது இல்லையென்றால் புதிய வைரஸும் இல்லை.

நான்கு புரொமோட்டர்களும் ஒரே அளவுக்குக் கல்லீரலை நம்பியிருக்கின்றனவா?

இல்லை. பெரிய மேலுறைப் புரதத்துக்கான ப்ரீ-எஸ்1 புரொமோட்டர் எச்என்எஃப்-1 இல்லாமல் அசையாது என்றே சொல்லலாம். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் எஸ் புரொமோட்டர் எஸ்பி-1, என்எஃப்-ஒய் போன்ற பொதுக் காரணிகளை வைத்தே ஓடிவிடும். அதனால்தான் 1980-இலேயே எலியின் சாதாரண நார்த்திசுச் செல்லில் வைரஸ் டிஎன்ஏவைச் செருகியபோது சர்ஃபேஸ் ஆன்டிஜென் (வைரஸின் மேலுறைப் புரதம்) துகள்கள் வெளியே வந்தன, முழு வைரஸ் வரவில்லை.

ஒரே மேலுறைக்கு இரண்டு புரொமோட்டர் எதற்கு என்று கேட்கலாம். விகிதம் முக்கியம். பெரிய புரதம் கொஞ்சம்தான் வேண்டும், சிறிய புரதம் ஏராளமாக வேண்டும். பெரியது மிதமிஞ்சினால் துகள்கள் வெளியேற முடியாமல் செல்லுக்குள்ளேயே தேங்கிவிடும். பயாப்சி ஸ்லைடில் அப்படிப்பட்ட செல்கள் மங்கலாக, ஒரே சீராகத் தெரியும்; பேத்தாலஜிஸ்ட்கள் கிரவுண்டு கிளாஸ் செல் என்பார்கள். எலிகளில் பெரிய புரதத்தை வேண்டுமென்றே அதிகமாக உற்பத்தி செய்ய வைத்தபோது கல்லீரல் நாள்பட்ட காயத்துக்கு உள்ளாகி, கடைசியில் புற்றுநோய் வரை போனது.

எந்தக் காரணி உண்மையில் தீர்மானிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இதுதான். 2001-இல் டாங், மெக்லாக்லன் என்ற இருவர் வெளியிட்டது. என்ஐஎச் 3டி3 என்பது எலியின் நார்த்திசுச் செல் வரிசை. கல்லீரலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வைரஸ் டிஎன்ஏவை மட்டும் அதில் போட்டால் முன்ஜீனோம் ஆர்என்ஏவும் இல்லை, வைரஸ் பெருக்கமும் இல்லை. கூடவே எச்என்எஃப்-4 ஆல்ஃபாவைத் தயாரிக்கும் ஜீனையும் போட்டார்கள். ஆர்என்ஏ வந்தது, வைரஸ் டிஎன்ஏவும் உருவாகத் தொடங்கியது. ஆர்எக்ஸ்ஆர், பிபிஏஆர் ஆல்ஃபா இரண்டையும் சேர்த்துப் போட்டாலும் அதே விளைவு. எச்என்எஃப்-3-ஐச் சேர்த்தபோதோ பெருக்கம் குறைந்தது. எச்என்எஃப்-3 கல்லீரல் காரணிதான், வைரஸ் டிஎன்ஏவில் ஒட்டவும் செய்கிறது, ஆனாலும் இங்கே அது எதிர்க்கட்சி. கல்லீரல் காரணி என்றாலே வைரஸுக்கு உதவி என்று எண்ணக் கூடாது.

ஒற்றைப் புரதம் ஒரு நார்த்திசுச் செல்லை வைரஸுக்கு ஏற்ற இடமாக மாற்றிவிடுகிறது என்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் தட்டில் வளரும் செல்லில் நடப்பது உயிருள்ள உடம்பிலும் நடக்குமா? அதே மெக்லாக்லன் குழு 2009-இல் எலிகளில் பார்த்தது. உடம்பின் எல்லாச் செல்லிலும் வைரஸ் டிஎன்ஏ இருக்கும்படி உருவாக்கிய எலிகளில், கல்லீரலில் மட்டும் எச்என்எஃப்-4 ஆல்ஃபாவை நீக்கினார்கள். பிறந்த குட்டிகளின் கல்லீரலில் வைரஸின் படியெடுப்பும் பெருக்கமும் அடங்கிப்போயின.

இதே மாதிரியான எலிகளை 1995-இல் முதலில் உருவாக்கியவர்கள் கவனித்த இன்னொன்று: வைரஸ் கல்லீரலில் மட்டுமில்லாமல் சிறுநீரகத்தின் நுண்குழல் செல்களிலும் பெருகியது. எச்என்எஃப்-4 ஆல்ஃபாவும் எச்என்எஃப்-1-உம் சிறுநீரகத்தின் அந்தப் பகுதியிலும் இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

பட்டினி கிடந்தால் வைரஸ் கூடும் என்கிறார்களே, உண்மையா?

எலிகளில் உண்மை. சாப்பிடாமல் இருக்கும்போது கல்லீரல் குளுக்கோஸைத் தானே தயாரிக்கத் தொடங்கும். அந்த வேலையை முடுக்கிவிடும் துணைக்காரணி பிஜிசி-1 ஆல்ஃபா. அது எச்என்எஃப்-4, எஃப்ஓஎக்ஸ்ஓ-1 போன்றவற்றோடு சேர்ந்து குளுக்கோஸ் ஜீன்களை இயக்குகிறது. வைரஸின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் அதே காரணிகள் உட்கார்ந்திருப்பதால் வைரஸ் ஜீன்களும் கூடவே எழுந்துகொள்கின்றன. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் யோசெஃப் ஷாவுலின் குழு 2006-இல் இதைக் காட்டியது. எலிகளைச் சிறிது நேரம் பட்டினி போட்டால் வைரஸ் ஜீன்களின் இயக்கம் ஏறியது. தீனி கொடுத்ததும் இறங்கியது.

அவர்கள் இதற்கு வைத்த பெயர் மெட்டபாலோவைரஸ். வைரஸின் புரொமோட்டர்கள், குளுக்கோஸ் ஆக்கத்துக்கான ஜீன்களின் புரொமோட்டர்களைப் போலவே நடந்துகொள்கின்றன என்பது வாதம். பித்த அமிலங்களை உணரும் எஃப்எக்ஸ்ஆர் ஏற்பிக்கும் வைரஸ் டிஎன்ஏவில் இடம் இருக்கிறது. பித்த அமிலங்களைக் கொண்டுவரும் புரதத்தைப் பிடித்து உள்ளே வந்துவிட்டு, பித்த அமிலங்களை உணரும் புரதத்தோடும் தொடர்பு வைத்துக்கொள்கிறது!

இதைப் படித்துவிட்டு விரதத்தை நிறுத்த வேண்டியதில்லை. எலியின் சில மணி நேரப் பட்டினி வேறு, மனிதரின் கார்த்திகைச் சோமவாரம் வேறு. நோய் முற்றிய சிரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்) இருப்பவர்கள் நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது என்பது உண்மைதான். அதற்குக் காரணம் வைரஸ் இல்லை, தசை கரைவது.

வைரஸ் எல்லாவற்றுக்கும் நம் காரணிகளையே நம்பியிருக்கிறதா? தன் பங்குக்கு எதுவும் செய்யாதா?

செய்கிறது. எக்ஸ் என்ற சிறிய புரதம் அதற்குத்தான். நம் செல்லில் எஸ்எம்சி-5/6 என்ற புரதக் கூட்டு, குரோமோசோமில் சேராமல் தனியாக மிதக்கும் டிஎன்ஏ வட்டங்களைப் பிடித்து அவற்றின் படியெடுப்பை அடக்கிவிடும். எக்ஸ் புரதம் செல்லின் கழிவகற்றும் அமைப்பை ஏவி அந்தக் கூட்டையே சிதைக்க வைக்கிறது. 2016-இல் இது வெளியானபோது, எக்ஸ் புரதம் என்னதான் செய்கிறது என்ற பல ஆண்டு இழுபறிக்கு ஒரு தெளிவான பதில் கிடைத்தது. எக்ஸ் இல்லாத வைரஸ் செல்லுக்குள் போனாலும் ஊமையாகவே கிடக்கும்.

ரிப்போர்ட்டில் "இ ஆன்டிஜென் நெகட்டிவ்" என்று வந்திருக்கிறது. வைரஸ் அடங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா?

அது ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பல பேருக்கு உடம்பின் எதிர்ப்பால் வைரஸ் அடங்கி இ ஆன்டிஜென் (வைரஸ் ரத்தத்தில் விடும் ஒரு புரதம்) மறைகிறது. அது நல்ல செய்தி. வேறு சிலருக்கு வைரஸின் எழுத்துகள் மாறியதால் மறைகிறது.

கோர் புரொமோட்டரிலிருந்து இரண்டு நீண்ட ஆர்என்ஏக்கள் வருகின்றன: ஒன்று முன்ஜீனோம், மற்றொன்று இ ஆன்டிஜெனுக்கானது. இரண்டும் தொடங்கும் இடங்கள் மிக அருகருகே. அங்கே 1762-ஆம் எழுத்து ஏ-யிலிருந்து டி-யாகவும், 1764-ஆம் எழுத்து ஜி-யிலிருந்து ஏ-யாகவும் மாறினால், உட்கரு ஏற்பிகள் ஒட்டும் இடம் கெட்டு, எச்என்எஃப்-1 ஒட்டக்கூடிய இடம் புதிதாக முளைக்கிறது. இ ஆன்டிஜெனுக்கான ஆர்என்ஏ குறைகிறது. முன்ஜீனோம் ஆர்என்ஏ குறைவதில்லை. இடநெருக்கடி என்றேனே, அதன் விளைவையும் இங்கே பார்க்கலாம்: அதே இரண்டு எழுத்து மாற்றங்கள் எக்ஸ் புரதத்தின் 130, 131-ஆம் அமினோ அமிலங்களையும் மாற்றிவிடுகின்றன. இந்த இரட்டை மாற்றம் உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

1896-ஆம் எழுத்தில் வரும் மாற்றம் வேறு வகை. அது புரொமோட்டரைத் தொடாமல், புரதம் பாதியில் நிற்கும்படி செய்கிறது. இ ஆன்டிஜென் அறவே வராது, வைரஸ் மட்டும் பெருகும். ஆகவே இ ஆன்டிஜென் நெகட்டிவ் என்றால் வைரஸ் லோடு எவ்வளவு, ஏஎல்டி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதி) எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்கள்.

ஸ்டீராய்டு, கீமோதெரபி தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி சோதனை ஏன்?

முதன்மையான காரணம், வைரஸை அடக்கி வைத்திருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களை இந்த மருந்துகள் முடக்கிவிடும். ஸ்டீராய்டில் இன்னொரு சிக்கல்: வைரஸ் டிஎன்ஏவிலேயே ஸ்டீராய்டு ஏற்பி ஒட்டும் இடம் உண்டு. மருந்து எதிர்ப்புச் செல்லை அடக்குவதோடு, வைரஸின் படியெடுப்பையும் நேரடியாகத் தூண்டக்கூடும். எப்போதோ வந்து குணமானதாகச் சொல்லப்பட்டவர்களிடமும் சிசிசி டிஎன்ஏ மிச்சம் இருக்கும். நோய் எதிர்ப்பை முடக்கும் ரிடுக்சிமாப் போன்ற மருந்துகளால் அது மீண்டும் எழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சர்ஃபேஸ் ஆன்டிஜென் மட்டும் பார்த்தால் போதாது, எப்போதோ தொற்று வந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கும் கோர் ஆன்டிபாடியும் பார்க்கச் சொல்லுங்கள்.

கீழாநெல்லி வேலை செய்யுமா?

தமிழில் இந்தப் பேச்சை எடுத்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கேள்விக்குப் பின்னால் உண்மையான சென்னை ஆய்வு ஒன்றும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜனும், இந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பெற்ற பாருக் பிளம்பர்கும் சேர்ந்து 1988-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கீழாநெல்லிப் பொடியை 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு சர்ஃபேஸ் ஆன்டிஜென் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். நம்ப முடியாத அளவுக்கு நல்ல முடிவு. பிரச்சினையும் அதுதான்: பிற இடங்களில் நடந்த பிந்தைய சோதனைகளில் இந்த முடிவு திரும்ப வரவில்லை.

ஆனால் ஆய்வகத்தில் பார்த்தது சுவையானது. தியாகராஜனும் பங்கேற்ற 1997-ஆம் ஆண்டு ஆய்வில், கீழாநெல்லிச் சாறு வைரஸின் முதல் என்ஹான்சரில் சி/இபிபி-யும் எச்என்எஃப்-3-உம் நடத்தும் வேலையைத் தடுத்து, வைரஸின் ஆர்என்ஏவைக் குறைத்தது. நம் பாட்டி வைத்தியச் செடி ஒன்று படியெடுத்தல் காரணிகளின் மட்டத்தில் குறுக்கிடுகிறது என்று படித்தபோது எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் தட்டில் உள்ள செல்லுக்கும் மனிதருக்கும் நடுவே நெடுந்தூரம். ஊரில் கீழாநெல்லியால் காமாலை குணமானவர்களில் பெரும்பாலோர் ஹெபடைடிஸ் ஏ, ஈ வந்தவர்களாக இருப்பார்கள். அது தானாகவே சரியாகிவிடும் நோய். இதை நம்பி டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் வைரஸ் சீறி எழும்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் சர்ஃபேஸ் ஆன்டிஜென் ஏன் போகவில்லை?

டெனோஃபோவிரும் என்டெகாவிரும் ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ எழுதும் வைரஸ் நொதியைத் தடுக்கின்றன. அதனால் ரத்தத்தில் வைரஸ் லோடு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கும், கல்லீரல் காப்பாற்றப்படும். சிசிசி டிஎன்ஏ மட்டும் உட்கருவில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கல்லீரல் காரணிகள் அதைப் படியெடுத்துக்கொண்டே இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. வைரஸ் டிஎன்ஏவின் துண்டுகள் நம் குரோமோசோமிலேயே செருகிக்கொள்கின்றன. அப்படிச் செருகும்போது வட்டம் அறுந்து, முன்ஜீனோம் ஆர்என்ஏ வர வழியில்லாமல் போகிறது. ஆனால் எஸ் ஜீனும் அதன் புரொமோட்டரும் பெரும்பாலும் சேதமில்லாமல் இருப்பதால் சர்ஃபேஸ் ஆன்டிஜென் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் எச்என்எஃப்-4-ஐயே தடுத்துவிடலாமே?

தடுத்தால் வைரஸோடு கல்லீரலும் போகும். வளர்ந்த எலிகளின் கல்லீரலில் அதை நீக்கியபோது கொழுப்பு தேங்கி, வளர்சிதை மாற்றம் தாறுமாறானது. வைரஸ் தேர்ந்தெடுத்திருப்பது நம்மால் கைவைக்க முடியாத இடத்தை.

ஆகவே சுற்றி வளைத்துத்தான் போக வேண்டியிருக்கிறது. இன்டர்ஃபெரான், சிசிசி டிஎன்ஏ மேல் உள்ள ஹிஸ்டோன்களின் குறிகளை மாற்றிப் படியெடுப்பைக் குறைக்கிறது, பக்கவிளைவு அதிகம். படியெடுத்த ஆர்என்ஏவை வெட்டிப்போடும் மருந்துகள், எஃப்எக்ஸ்ஆர்-ஐத் தூண்டி வைரஸை அடக்கப் பார்க்கும் மருந்துகள், ஜீன் வெட்டும் முறைகள் எல்லாம் மனிதர்களில் சோதிக்கப்பட்டு வருகின்றன. ஆர்என்ஏவை வெட்டும் மருந்துகள்மீதுதான் எனக்கு நம்பிக்கை அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2022-இல் 25 கோடிக்கும் மேற்பட்டோர் நாள்பட்ட தொற்றோடு இருந்தார்கள்; ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் வந்தால்தான் எந்த மருந்துக்கும் பயன்.

ஹெபடைடிஸ் சி-யும் இப்படித்தானா?

இல்லை. அது ஆர்என்ஏ வைரஸ். உட்கருவுக்குள்ளேயே போவதில்லை, படியெடுத்தல் காரணிகளுக்கு வேலையில்லை. ஆனாலும் அது கல்லீரலைச் சார்ந்திருப்பதற்கு ஒரு காரணம், கல்லீரலில் மிகுதியாக உள்ள மிர்-122 என்ற குட்டி ஆர்என்ஏ. நீண்ட கால டிஎன்ஏ சேமிப்பு கிடையாது என்பதால்தான் ஹெபடைடிஸ் சி-யை 12 வார மாத்திரையில் முழுசாகக் குணமாக்க முடிகிறது.

கல்லீரலில் மட்டும் வேலை செய்யும் புரொமோட்டர் என்ற இதே உத்தியை மருத்துவத்தில் பயன்படுத்துகிறார்களா?

ஆமாம். ஹீமோபீலியா பி நோய்க்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹெம்ஜெனிக்ஸ் என்ற ஜீன் சிகிச்சை அப்படிப்பட்டது. நோய் உண்டாக்காத ஒரு வைரஸுக்குள் ரத்தம் உறைய வைக்கும் ஒன்பதாம் காரணியின் ஜீனை வைத்து அனுப்புகிறார்கள். அந்த ஜீனுக்கு முன்னால் எல்பி-1 என்ற புரொமோட்டரை ஒட்டியிருக்கிறார்கள். மனிதக் கல்லீரலின் இரண்டு ஜீன்களின் கட்டுப்பாட்டுப் பகுதிகளை வெட்டிச் சேர்த்தது அது. ஜீனை ஏற்றிய வைரஸ் வேறு உறுப்புக்குப் போய்ச் சேர்ந்தாலும், கல்லீரல் காரணிகள் இல்லாத செல்லில் அந்த ஜீன் பெரும்பாலும் பேசாமல் கிடக்கும்.